அம்மா குடிப்பதும் வரக்காப்பிதான். எனக்கு மட்டும் ஏன் சர்க்கரை?

சேலத்திலிருந்து 46 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய இரண்டொரு விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

பிறந்தது ஏற்காடு மலையில் ஒரு சிற்றூர். கல்யாணமாகி வந்ததிலிருந்து கன்னங்குறிச்சிவாசி. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுக் கடையில் கணக்கு எழுதுகிறார். காலை ஒன்பதரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் இரவு ஏழுக்குத்தான் எழுந்திருக்க முடிகிறதாம். உயரம் 156 செ.மீ., எடை 74 கிலோ. ஆறு வருடமாகத் தைராய்டு மாத்திரை, 75 மைக்ரோகிராம். போன மாதப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 114, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. 6.2, தைராய்டு குறைந்தால் ஏறும் டி.எஸ்.ஹெச். 8.6, ஹீமோகுளோபின் 10.2. மாதவிலக்கு எட்டு நாள் வரை இழுக்கிறது. மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது.

இரண்டு மாதம் முன்பு அக்கா மகன் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான். உடற்பயிற்சி செய்தால் தசை 'ஐரிசின்' என்ற ஹார்மோனைச் சுரக்கும், அது கொழுப்பை எரிக்கும், காப்பியும் அதே ஹார்மோனைத் தூண்டும், ஆகவே விடியற்காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை இல்லாத காப்பி குடித்தால் நடக்காமலே நடந்த பலன் கிடைக்கும் என்பது அதன் சாரம். அன்றிலிருந்து ஐந்து மணிக்கு எழுந்ததும் ஒரு தம்ளர் வரக்காப்பி, தைராய்டு மாத்திரையையும் அதோடேயே விழுங்குகிறார். ஏழு மணிக்கு இன்னொன்று. கடையில் பதினொன்று, மூன்று, ஐந்து மணிக்குப் பால் காப்பி. வீடு திரும்பியதும் எட்டு மணிக்கு ஒன்று. மொத்தம் ஆறு. எடை ஒரு கிலோ குறைந்திருக்கிறது. கூடவே படபடப்பு வந்திருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டினால் திரும்பத் தூக்கம் வருவதில்லை. கணவர் "காப்பியைத் தலைமுழுகு" என்கிறார். வீடியோக்காரர்களோ மாதம் 3,800 ரூபாய்க்கு ஒரு 'ஐரிசின் பூஸ்டர்' பொடியும், ரத்தத்தில் ஐரிசின் அளவு பார்க்கும் ஒரு டெஸ்டும் விற்கிறார்கள்.

கடிதத்தின் கடைசிப் பத்தியை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "எங்கள் அம்மாவுக்கு 71 வயது. இன்னும் தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கப் போகிறார். ஒரு நாளைக்கு ஐந்து தடவை கருப்பட்டி போட்டு வரக்காப்பி குடிக்கிறார். அவருக்குச் சர்க்கரையும் இல்லை, தொப்பையும் இல்லை. அதே தூள்தான் எனக்கும் மலையிலிருந்து வருகிறது. காப்பி வேலை செய்யும் என்பதற்கு அம்மாவே சாட்சி இல்லையா டாக்டர்? அப்படியானால் எனக்கு மட்டும் ஏன்?"

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது ஐரிசினைப் பற்றி. ஆனால் கடிதத்தைப் படிக்கும்போது என் கண் போய் நின்ற இடம் உங்கள் ஐந்து மணி மாத்திரை. ஹார்மோன் கதை சுவாரசியமானது, அதற்கு வருகிறேன். மாத்திரையைக் கடைசியில் சொன்னால் நழுவிவிடும்.

முதலில் மாத்திரை

தைராக்சின் மாத்திரையைக் காப்பியோடு விழுங்கினால் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. உடம்புக்குள் போய்ச் சேருவது குறைந்துவிடும். மாத்திரையை ஒரு நாள்கூடத் தவறவிடாத உங்களுக்கு டி.எஸ்.ஹெச். 8.6க்கு ஏறியிருப்பதற்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இது தெரியாமல் மாத்திரையை 100 ஆக்கினால் என்ன ஆகும்? பிறகு ஒரு நாள் நீங்கள் காப்பி நேரத்தை மாற்றும்போது மருந்து மிகையாகி, இப்போதிருக்கும் படபடப்பு இரட்டிப்பாகும். ஆகவே அளவைத் தொடாதீர்கள். எழுந்ததும் மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்குங்கள். அதன் பிறகு ஒரு மணி நேரம் காப்பி வேண்டாம், டீயும் வேண்டாம். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.ஹெச்.சைத் திரும்பப் பாருங்கள். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும்.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. உங்கள் ஹீமோகுளோபின் 10.2. ஹெச்.பி.ஏ.1.சி. என்பது சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையின் கணக்கு. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை வந்தால் அந்த எண் உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். தைராய்டு குறைவும் அப்படியே செய்யலாம். "அப்படியென்றால் எனக்குச் சர்க்கரையே இல்லை" என்று கிளம்பிவிடாதீர்கள். வெறும் வயிற்றில் 114 என்பது ரத்தசோகையால் வருவதில்லை. 100க்கு மேல் 125 வரை போனால் அது முன்நீரிழிவுதான். ஆனால் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிய 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். கூடவே உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின்.

ரத்தசோகைக்கு முதல் சந்தேகம் எட்டு நாள் இழுக்கும் மாதவிலக்கின் மேல்தான். மகப்பேறு மருத்துவரை ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். காப்பிக்கும் இதில் ஒரு சின்னக் கை உண்டு. சாப்பாட்டோடு, அல்லது சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் குடித்தால் உணவிலுள்ள இரும்பு உடம்பில் சேருவதைக் கணிசமாகக் குறைக்கும். இரும்பு மாத்திரை எழுதிக்கொடுத்தால் அதற்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவே நான்கு மணி நேரம் விடுங்கள்.

ஐரிசின் என்றால் என்ன

வீடியோவில் சொன்னது முழுப் பொய்யில்லை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

தசை என்பது எலும்பை இழுக்கும் கயிறு மட்டும்தான் என்றே நெடுங்காலம் நினைத்தோம். வேலை செய்யும் தசை ரத்தத்தில் பல சுரப்புகளை விடுகிறது, அவை கல்லீரல், கொழுப்பு, மூளை வரை போய்ச் செய்தி சொல்கின்றன என்பது கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில்தான் தெளிவானது. டென்மார்க்கின் பென்டே பீடர்சன் இவற்றுக்கு 'மயோகைன்' என்று பொதுப்பெயர் வைத்தார். 2012இல் அமெரிக்காவில் ஹார்வர்டைச் சேர்ந்த புரூஸ் ஸ்பீகல்மன் குழு அந்த வரிசையில் புதிதாக ஒன்றைக் கண்டு, கிரேக்கப் புராணத்தில் தேவர்களின் தூதுப்பெண்ணான ஐரிஸின் பெயரைச் சூட்டியது. அதுதான் ஐரிசின். சேமித்துவைப்பதே வேலையாக இருக்கும் வெள்ளைக் கொழுப்பை, வெப்பமாக எரித்துத் தீர்க்கும் பழுப்புக் கொழுப்பின் குணத்துக்கு அது நகர்த்துகிறது என்று எலிகளில் காட்டினார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் 'உடற்பயிற்சி ஹார்மோன்' என்று எழுதித் தள்ளின.

அடுத்த மூன்று வருடம் ஆய்வாளர்களுக்குள் சண்டைதான். மனிதருக்கு இந்த ஹார்மோனின் மரபணு தொடங்கும் இடத்தில் எழுத்து வேறாக இருக்கிறது, ஆகவே நம் உடம்பில் இது சரியாக உருவாவதே சந்தேகம் என்றார்கள். சந்தையில் விற்ற சோதனைக் கிட்டுகள் ஐரிசினை விட்டுவிட்டு ரத்தத்திலுள்ள வேறு புரதங்களைப் பிடிக்கின்றன என்று 2015இல் ஒரு குழு அம்பலப்படுத்தியது. அதே ஆண்டு ஸ்பீகல்மன் தரப்பு, கிட்டை நம்பாமல் புரதத்தை எடை போட்டுக் கண்டுபிடிக்கும் முறையில் அளந்து, மனித ரத்தத்தில் ஐரிசின் இருக்கத்தான் செய்கிறது என்று காட்டியது. உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு மில்லி லிட்டருக்குச் சுமார் 3.6 நானோகிராம். கடுமையான பயிற்சி எடுத்தவர்களுக்குச் சுமார் 4.3. வித்தியாசத்தைப் பாருங்கள். வீடியோவில் தசையிலிருந்து வெள்ளமாகப் பாய்வது போலப் படம் போட்டிருப்பார்கள்.

என் கணிப்பைக் கேட்டால், ஐரிசின் நிஜம், அதன் விளம்பரம்தான் அளவுக்கு மீறியது. தசை விடும் தூதுகளில் இன்டர்லூக்கின்-6 என்று ஒன்று உண்டு. அதற்கு மனிதரிடமே இன்னும் திடமான சாட்சி இருக்கிறது. 2019இல் டென்மார்க்கில் வயிற்றுக் கொழுப்புள்ளவர்களைப் பன்னிரண்டு வாரம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். மிதித்தவர்களுக்கு உள்வயிற்றுக் கொழுப்பு குறைந்தது. அதே அளவு மிதித்து, கூடவே இன்டர்லூக்கின்-6ஐத் தடுக்கும் ஊசியும் போட்டுக்கொண்டவர்களுக்குக் குறையவில்லை. மிதித்த உழைப்பு ஒன்றுதான், தூதை மறித்ததும் பலன் நின்றுபோனது. இப்படி ஒரு சாட்சி ஐரிசினுக்கு மனிதரிடம் இன்னும் வரவில்லை, ஆனாலும் வீடியோ அதன் பெயரில்தான் ஓடுகிறது. கிரேக்கப் பெண்ணின் பெயர் அழகாக இருப்பதும் ஒரு காரணமோ என்னவோ.

காப்பி எங்கே வந்து ஒட்டிக்கொண்டது

ஆய்வுக்கூடத்தில் தசைச் செல்களைக் கிண்ணத்தில் வளர்த்து அதில் கஃபீனை ஊற்றினால், செல்லுக்குள் கால்சியம் பொங்கும். தசை சுருங்கும்போது நடப்பதும் அதுதான். அதனால் உடற்பயிற்சியின்போது விழிக்கும் சில மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். அவற்றில் ஒன்று ஐரிசின் உருவாவதற்கும் தலைவாசல். இந்த இரண்டையும் ஒட்டித்தான் "காப்பி குடித்தால் ஐரிசின்" என்ற மாலையைக் கட்டியிருக்கிறார்கள்.

நடுவில் ஒரு படியைத் தாண்டிவிட்டார்கள். அந்தக் கிண்ணத்தில் ஊற்றும் கஃபீனின் அடர்த்தி, காப்பி குடித்தபின் நம் ரத்தத்தில் இருப்பதைப் போல நூறு மடங்கு. அதில் பத்தில் ஒரு பங்கு மனித ரத்தத்தில் ஏறினாலே உயிருக்கு ஆபத்து. தம்ளரை எத்தனை முறை நிரப்பினாலும் அந்த அளவை எட்ட முடியாது, எட்டினால் ஐரிசினைப் பற்றிப் பேச நாம் இருக்க மாட்டோம்.

காப்பி வளர்சிதை மாற்றத்தைத் தொடவே இல்லையா என்றால், தொடுகிறது. கஃபீன் மூளையில் களைப்புச் செய்தி சொல்லும் அடினோசினின் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அட்ரீனலின் கொஞ்சம் கூடுகிறது. 100 மி.கி. கஃபீன் உள்ளே போனால் சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தி மூன்று, நான்கு சதவீதம் கூடும், இரண்டரை மணி நேரம்போல. உங்கள் உடல்வாகுக்குக் கணக்குப் போட்டேன்: ஒரு தம்ளருக்கு மிஞ்சினால் ஆறு கலோரி. ஆறு தம்ளருக்கு 36. தட்டுவடை செட்டில் ஒரு கடிக்குக் காணாது. கடையில் வாங்கித்தரும் மூன்று பால் காப்பியில் தலைக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று வைத்தாலே 120 கலோரி உள்ளே வந்துவிடுகிறது. பாலைச் சேர்க்கவே இல்லை. கணக்கு எழுதுபவர் நீங்கள், வரவு எது செலவு எது என்று உங்களுக்கே தெரியும்.

பழுப்புக் கொழுப்பையும் காப்பி தட்டி எழுப்புகிறது என்று 2019இல் நாட்டிங்காம் பல்கலைக்கழகம் சொன்னது உண்மை. ஒரு காப்பி குடித்தபின் கழுத்தடியில் வெப்பம் கூடியதைக் கேமராவில் பிடித்தார்கள். பார்த்தது ஒன்பதே பேரை. மேலும் ஆராய வேண்டிய துப்பு என்ற அளவில் அதை வைத்துக்கொள்ளலாம், வைத்தியமாக்க அது போதாது.

இதில் நீங்கள் கவலைப்பட வேண்டிய பக்கமும் உண்டு. கஃபீன் குடித்த சில மணி நேரத்துக்கு இன்சுலினின் வேலையை மந்தமாக்கும். 2020இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் 29 பேரைச் சோதித்தார்கள். தூக்கம் கலைந்த இரவுக்குப் பிறகு, காலை உணவுக்கு முன்னால் கடுமையான வரக்காப்பி குடித்தபோது, அடுத்து உள்ளே போன சர்க்கரைக்கு ரத்த குளுக்கோஸ் ஏறிய அளவு பாதிக்குப் பாதி கூடிவிட்டது. இரவு இரண்டு மணிக்கு விழித்து, ஐந்து மணிக்கு வரக்காப்பி குடித்து, எட்டு மணிக்கு இட்லி சாப்பிடுகிறீர்கள். அந்த ஆய்வில் செய்ததையே தினமும் வீட்டில் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொன்னதும் உங்கள் கணவர் மீசையை முறுக்குவார். அவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வருடக்கணக்காகக் காப்பி குடிப்பவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் குறைவாகவே வருகிறது. 2002இல் நெதர்லாந்தில் பதினேழாயிரம் பேரை வைத்துப் பார்த்த ஆய்விலிருந்து இன்றுவரை பல நாடுகளில் இதே போக்குதான். கஃபீன் நீக்கிய காப்பிக்கும் அந்தப் பலன் தெரிவதால், காரணம் கஃபீனாக இருக்காது, குளோரோஜெனிக் அமிலம் போன்ற மற்றப் பொருட்களாக இருக்கலாம் என்று கருதுகிறோம். இவை ஆட்களைக் கவனித்துச் சொன்ன ஆய்வுகள். "ஆகவே குடியுங்கள்" என்று மருந்துச் சீட்டில் எழுத முடியாது. ஆனால் "தலைமுழுகு" என்று சொல்லவும் இதில் நியாயமில்லை.

அம்மாவின் சாட்சி

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. அம்மா ஐந்து முறை காப்பி குடிக்கிறார் என்று எழுதினீர்கள். அந்த ஐந்து தம்ளருக்கு நடுவில் என்ன செய்கிறார் என்பதையும் அதே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

சேர்வராயன் மலையில் காப்பிச் செடி சமதரையில் நிற்பதில்லை. சில்வர் ஓக் நிழலில், சரிவில், ஒரு காலை மேட்டிலும் ஒரு காலைப் பள்ளத்திலும் ஊன்றிக்கொண்டுதான் பழம் பறிக்க வேண்டும். தாழ்ந்த கிளைக்குக் குந்த வேண்டும், உயர்ந்த கிளையை வளைத்துப் பிடிக்க வேண்டும். நிறைந்த பையைத் தூக்கிக்கொண்டு எடை போடும் இடத்துக்கு ஏற வேண்டும். பழம் இல்லாத மாதத்தில் களை, மிளகு, விறகு, தண்ணீர். தொடை, பிட்டம், கெண்டைக்கால் என்று உடம்பின் பெரிய தசைகள் எல்லாம் பொழுது விடிந்து பொழுது சாயும்வரை வேலையில் இருக்கின்றன.

அந்தத் தசைகளுக்கும் சர்க்கரைக்கும் உள்ள உறவைச் சொல்கிறேன். இன்சுலின் சொல்கேட்டு ரத்தத்தைவிட்டு இறங்கும் குளுக்கோஸில் பெரும்பங்கு தசைக்குத்தான் போகிறது. ஆய்வுக்கூடக் கணக்கில் 80 சதவீதம்வரை. தசைதான் கிடங்கு. அந்தக் கிடங்குக்கு இரண்டு சாவி. ஒன்று இன்சுலின். அது உங்களுக்குத் தேயத் தொடங்கிவிட்டது, முன்நீரிழிவு என்பதே அதுதான். இரண்டாவது சாவி தசை சுருங்குவது. தசை வேலை செய்யும்போது குளூட்-4 என்ற கதவுப் புரதம் இன்சுலினைக் கேட்காமலே செல்லின் மேற்பரப்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வேலை முடிந்த பிறகும் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் வரை இன்சுலின் சாவி சற்று எளிதாகத் திரும்புகிறது. உங்கள் அம்மாவின் இரண்டாவது சாவி துருப்பிடிக்க நேரமே இல்லை. உங்களுடையது செவ்வாய்ப்பேட்டை நாற்காலியில் பத்து மணி நேரம் தொங்கிக்கொண்டிருக்கிறது. இது குற்றச்சாட்டு இல்லை; மலையிலிருந்து இறங்கி வந்து மேசை வேலை பார்க்கும் ஒரு தலைமுறைக்கே நடப்பது.

ஆக, அம்மா சாட்சிதான். அவர் சாட்சி சொல்வது காப்பிக்கு இல்லை, காப்பிச் செடி நிற்கும் சரிவுக்கு.

பொடியும் டெஸ்டும்

இரண்டும் வேண்டாம். இதைச் சுருக்கமாகவே முடிக்கலாம்.

ஐரிசின் ஒரு புரதம். வாய்வழி சாப்பிட்டால் பருப்பைப் போல வயிற்றில் செரித்துவிடும். இன்சுலினை இன்னமும் ஊசியாகப் போடுவது இதனால்தான். 'ஐரிசின் பூஸ்டர்' டப்பாவின் பின்பக்கத்தை எழுதி அனுப்பியிருந்தீர்கள்: பச்சைக் காப்பிக்கொட்டைச் சாறு, கஃபீன், மிளகுச் சாறு. பச்சைக் காப்பிக்கொட்டை இளைக்க வைக்கும் என்று 2012 வாக்கில் அமெரிக்காவில் பெரிய அலை அடித்தது. அதற்கு ஆதாரமாகக் காட்டிய ஆய்வு நம் நாட்டில் 16 பேரை வைத்து நடந்தது. எண்களே நம்பத்தக்கவை அல்ல என்று தெரிந்து 2014இல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அதை வைத்து விளம்பரம் செய்த நிறுவனத்திடம் அமெரிக்க வணிக ஆணையம் 35 லட்சம் டாலர் வசூலித்தது. ஆறு தம்ளர் காப்பியோடு இந்தக் கஃபீனும் சேர்ந்தால் உங்கள் படபடப்பு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோயையும் உடல் பருமனையும் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் நம் நாட்டில் தடுக்கிறது. முன்பணம் கட்டியிருந்தால் அந்த விளம்பரத்தைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தரவில்லையென்றால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு.

டெஸ்டைப் பொறுத்தவரை, இவ்வளவு இருந்தால் சரி என்று மருத்துவத்தில் வைத்துக்கொள்ளும் அளவே ஐரிசினுக்குக் கிடையாது. எண் எது வந்தாலும் என் வைத்தியம் மாறாது. அந்தப் பணத்தில் நான் மேலே சொன்ன ஃபெரிட்டினும் குளுக்கோஸ் சோதனையும் பார்த்துவிடலாம், மீதியும் இருக்கும்.

இனி நாள் எப்படிப் போகலாம்

மலைத்தூள் சிக்கரி கலக்காத அராபிகா. சிக்கரியில் கஃபீன் இல்லை. கடைத் தூளில் அது கலந்திருப்பதால் அதே கரண்டிக்குக் கஃபீன் குறைவு. உங்கள் தூளில் அந்தச் சலுகை கிடையாது. அராபிகாவில் எடைக்குச் சுமார் 1.2 சதவீதம் கஃபீன். தம்ளருக்கு எட்டு கிராம் தூள் என்றால் 80 மி.கி.க்குக் குறையாமல் இறங்கும். ஆறும் இதே தூள் என்று வைத்தால் 500ஐ நெருங்கிவிடும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 வரை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் வரம்பு. உங்களுக்கு ரத்தசோகையும் படபடப்பும் இருப்பதால் நான் அதற்கும் கீழேதான் நிற்பேன். இரண்டு, மிஞ்சினால் மூன்று.

ஒரே நாளில் வெட்டாதீர்கள், தலைவலி பிளக்கும். மூன்று நாளைக்கு ஒன்றாகக் குறையுங்கள். முதலில் போக வேண்டியது இரவு எட்டு மணித் தம்ளர். கஃபீனில் பாதி கழிய ஐந்து மணி நேரம்போல ஆகிறது. எட்டு மணிக்குக் குடித்தால் நள்ளிரவு ஒன்றுக்கும் பாதி உள்ளே இருக்கும். இரண்டு மணி விழிப்புக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அடுத்தது மாலை ஐந்து மணிக் காப்பி. பிற்பகல் இரண்டுக்கு மேல் எதுவும் வேண்டாம்.

காலை ஐந்துக்குத் தண்ணீரில் மாத்திரை. ஆறு மணிக்குப் பால் கொஞ்சம் விட்டோ விடாமலோ, சர்க்கரை இல்லாமல் ஒரு தம்ளர். ஆறரைக்கு மூக்கனேரிக் கரையில் நடை. சாப்பிடும் முன் காப்பி என்றால் மேலே பயமுறுத்தினேனே என்பீர்கள்; இங்கே காப்பிக்கும் இட்லிக்கும் நடுவில் அந்த இரண்டாவது சாவி, நடை, இருக்கிறது. இந்த வரிசைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நடப்பதற்கு அரை மணி முன்னால் கஃபீன் உள்ளே போனால் களைப்பு குறைவாகத் தெரியும், கொழுப்பிலிருந்து அவிழும் எரிபொருளை எரிக்கத் தசையும் தயாராக இருக்கும். உட்கார்ந்தே இருந்தால் அவிழ்ந்தது திரும்பிப் போய்ப் படிந்துவிடும். காப்பிக்கும் தசைச் சுரப்புக்கும் நான் ஒப்புக்கொள்ளும் ஒரே கல்யாணம் இதுதான். நடந்து வந்தபின் இட்லி இரண்டு குறைந்து, பயறோ முட்டையோ ஒன்று கூடினால் நல்லது.

முழங்கால் வலி நடையைத் தடுத்தால் இருபது நிமிடத்தில் தொடங்குங்கள். வாரத்துக்கு 150 நிமிடத்தை இரண்டு மாதத்தில் எட்டினால் போதும். அதைவிட முக்கியம் தொடைத் தசை. அது பலப்பட்டால்தான் முழங்கால் வலி இறங்கும். கைப்பிடிக்காமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள், காலையும் மாலையும். வலிக்கும் ஆழத்துக்குப் போக வேண்டாம், இரண்டு தலையணையைப் போட்டு உயரமாக்கிக்கொள்ளுங்கள். கடையில் மணிக்கு ஒருமுறை எழுந்து மூன்று நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். சரக்கு எடுத்துவரும் பையனை அனுப்பாமல் நீங்களே எழுந்து போய் எடுங்கள். மதியம் சாப்பிட்டதும் பத்து நிமிடம் தெருவில் நடங்கள். வெயில் என்றால் கடைக்குள்ளேயே. முதலாளி என்னவென்று கேட்டால் டாக்டர் சீட்டு என்று சொல்லுங்கள், அச்சடித்தே தருகிறேன்.

இதனால் பலன் உண்டா என்று கேட்பீர்கள். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு, உங்களைப் போலவே சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்ற நம் ஊர்க்காரர்களை மூன்று வருடம் பின்தொடர்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. நடையும் உணவு மாற்றமும் சர்க்கரை நோய் வருவதை 28.5 சதவீதம் குறைத்தன. சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை குறைத்தது 26.4. இரண்டையும் சேர்த்தபோது அதற்குமேல் ஒன்றும் கூடவில்லை. உங்கள் டாக்டர் மெட்ஃபார்மின் எழுதினால் மறுக்க வேண்டாம். எழுதவில்லையென்றால் கேட்டு வாங்கவும் வேண்டாம்.

படபடப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வாரமே ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். காப்பியைக் குறைத்து இரண்டு வாரத்தில் அது அடங்கவில்லையென்றால் நேரில் வர வேண்டும். படபடப்போடு மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் இரண்டு வாரமெல்லாம் கிடையாது, அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. அம்மாவுக்குச் சர்க்கரை "இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. கடிதத்தை இரண்டு முறை புரட்டினேன், பார்த்ததாகவே எங்கும் இல்லை. ஒல்லியாக இருப்பதும் ஓடியாடி வேலை செய்வதும் நல்ல அறிகுறிகள்தான், ஆனால் ரத்தத்தைப் பார்க்காமல் யாரும் உறுதி தர முடியாது. பெற்றவருக்கு இருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பும் கூடுகிறது என்பதால் எனக்கும் அந்த விவரம் தேவை. அடுத்த முறை மலைக்குப் போகும்போது, வெறும் வயிற்றில் ஒரு பரிசோதனை எடுத்துவிடுங்கள். அன்றைக்கு ரத்தம் எடுத்து முடியும்வரை அவர் முதல் காப்பியைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும். அதற்குத் திட்டினால் என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.